இட்லிப் பொடி வியாபாரம்: முதல் 25,000 ரூபாயை எந்த வரிசையில் செலவு செய்வது

முதன்முறை தொழில் தொடங்குபவர்களின் பணம் பெரும்பாலும் சரக்கில் கரைவதில்லை. அந்தச் சரக்கை ஒருவர் இரண்டாம் முறையும் காசு கொடுத்து வாங்குவாரா என்று தெரிவதற்கு முன்பே லோகோ, வெப்சைட், அச்சடித்த பவுச், பிரைவேட் லிமிடெட் என்று ஒவ்வொன்றாகப் போய்விடுகிறது. பிறகு வாங்குபவருக்குப் பிடித்த மாதிரி காரத்தையோ அளவையோ மாற்றலாம் என்றால் கையில் காசு இருக்காது. குறைந்த செலவில் தொடங்குவது என்பது முக்கால்வாசி இந்த வரிசையைச் சரியாக வைப்பதுதான்.

பொதுவாகச் சொன்னால் யாருக்கும் உதவாது என்பதால் ஒரே ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுச் சமையலறை, இட்லிப் பொடி, கையில் 25,000 ரூபாய். கீழே வரும் சரக்கு விலைகள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக. உங்கள் ஊர் மளிகைக் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அடக்க விலை. ஒரு கிலோ கலவைக்கு உளுந்து 450 கிராம், கடலைப்பருப்பு 250, மிளகாய் வற்றல் 120, எள் 100, கல் உப்பு 65, பெருங்காயம் 15. உளுந்து கிலோ 130, கடலைப்பருப்பு 90, மிளகாய் 220, எள் 200 என்று வைத்தால், பெருங்காயமும் ஒரு கைப்பிடி கறிவேப்பிலையும் சேர்த்துச் சுமார் 150 ரூபாய் வரும். ஆனால் ஒரு கிலோ போட்டால் ஒரு கிலோ கிடைக்காது. வறுக்கும்போது ஈரம் போகும், மிக்ஸியிலும் சல்லடையிலும் கொஞ்சம் தங்கும். சுமார் பத்தில் ஒரு பங்கு போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக ஒரு பேட்ச், அதாவது ஒரு முறை போடும் அளவு, 5 கிலோ கலவை, 750 ரூபாய்ச் சரக்கு, 4.5 கிலோ பொடி. அதில் 200 கிராம் பாக்கெட் 22 வரும். மிச்சம் 100 கிராம் பேட்ச் மாதிரியாக எடுத்து வைக்க.

பாக்கெட்டுக்குச் சரக்கு 34 ரூபாய். கேஸும் மின்சாரமும் 4.50. பவுச்சும் லேபிளும் 9. இதோடு பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுகிறார்கள்: 48 ரூபாய் அடக்கம், 80க்கு விற்கலாம் என்று. இங்கேதான் தப்பு. வறுக்க, ஆற வைக்க, அரைக்க, எடை போட, சீல் வைக்க, லேபிள் ஒட்ட, பாத்திரம் கழுவ என்று ஒரு பேட்சுக்கு 5 மணி நேரம் போகும். மணிக்கு 80 ரூபாய் என்றாலும் 400. பாக்கெட்டுக்கு 18 ரூபாய். உடைந்தது, மாற்றிக் கொடுத்தது, சாம்பிள் கொடுத்தது என்று இன்னும் 3. உண்மையான அடக்கம் 69. எண்பதுக்கு விலை வைத்துக் கடையில் கொடுத்தால், 25 சதவீதக் கமிஷன் போக 60 கைக்கு வரும். வேலைக்கு ஆள் வைத்த அன்றே பாக்கெட்டுக்கு 9 ரூபாய் நஷ்டம். முதல் மாதம் உங்கள் உழைப்புக்கு நீங்கள் கூலி எடுக்க வேண்டியதில்லை. ஆனால் விலையில் அது இருந்தே ஆக வேண்டும். பின்னால் விலையை 80இலிருந்து 140க்கு ஏற்றினால் வாடிக்கையாளர் போய்விடுவார். ஆகவே 140க்கே தொடங்குங்கள். நேரடியாக விற்றால் 71 மிஞ்சும், கடை வழியாகப் போனால் 36.

140 கொடுத்து யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் முதல் சில பேட்சுகள். யாருமே வாங்கவில்லை என்றால், 80க்கு விற்று ஆறு மாதம் கழித்துத் தெரியவேண்டியது இப்போதே தெரிந்துவிடுகிறது.

இனி பொடி. திரும்ப வராத வாடிக்கையாளர்களில் பலர் சுவைக்காகப் போவதில்லை. கட்டி பிடித்திருந்தது, எண்ணெய் சிக்கு வாடை அடித்தது என்றுதான் போகிறார்கள். இரண்டுக்கும் காரணம் தெரிந்ததுதான். பருப்பை அதிக தீயில் வறுத்தால் மேலே சிவந்து உள்ளே ஈரம் நிற்கும். கடித்தால் நொறுங்க வேண்டும், பல்லில் அழுந்தக் கூடாது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால் கல் உப்பையும் வெறும் வாணலியில் படபடவென்று வறுத்தே போட வேண்டும். கறிவேப்பிலை கையில் நொறுங்கும் வரை வறுபட வேண்டும். எள்ளில் பாதிக்குப் பாதி எண்ணெய். அதைக் கடைசியில் போட்டு விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று மட்டும் ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் வெளியே வந்து பொடி பிசுபிசுக்கும், சீக்கிரம் சிக்கு வாடையும் வரும்.

அரைத்த பொடி சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு பவுச்சில் போட்டு சீல் வைத்தால் உள்ளே ஆவி குளிர்ந்து பவுச் சுவரில் நீர்த்துளியாகும். அதுதான் கட்டி. அகலமான தட்டில் பரப்பிக் கை வைத்தால் சூடு தெரியாத வரை ஆற விடுங்கள். மழைக்காலத்தில் அதற்கு மேல் திறந்து வைக்காதீர்கள், ஈரம் ஏறும். மாவு மில்லில் அரைப்பதாக இருந்தால், உங்களுக்கு முன்னால் யாராவது கரம் மசாலாவோ கோதுமையோ அரைத்திருப்பார்கள். ஒரு கைப்பிடி வறுத்த அரிசியை முதலில் ஓட்டி அதைக் கொட்டிவிட்டு உங்கள் சரக்கைப் போடச் சொல்லுங்கள். தேங்காயும் பூண்டும் சேர்ந்த பொடிகளை முதல் சரக்காக எடுக்க வேண்டாம். ருசி நன்றாக இருக்கும், ஆனால் கெடும் வேகம் வேறு.

எத்தனை நாள் தாங்கும் என்பதை ஊகித்து எழுதாதீர்கள். முதல் பேட்சிலேயே ஆறு சின்ன பவுச் சீல் செய்து சமையலறை அலமாரியில் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்றைத் திறந்து முகர்ந்து, விரலால் தேய்த்து, இட்லிக்குத் தொட்டுப் பார்த்து எழுதி வையுங்கள். பன்னிரண்டு வாரத்துக்கு அது போதும். அதுவரை லேபிளில் குறைந்த காலத்தையே போடுங்கள். விற்பனை நிலைக்கும் என்று தெரிந்தபின், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஈரப்பதம், நுண்ணுயிர்ச் சோதனை எல்லாம் செய்துகொள்ளலாம். அதற்குச் சில ஆயிரம் ஆகும், அதனால்தான் அதைப் பின்னால் தள்ளுகிறோம்.

பவுச் விஷயத்தில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். படம் அச்சடித்த பவுச்சுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும், ஆயிரக்கணக்கில்தான் ஆர்டர் எடுப்பார்கள். பாக்கெட் விலை குறைவாகத் தெரியும். ஆனால் இரண்டாவது மாதம் எம்ஆர்பி மாறும், எடை மாறும், முகவரி மாறும். அச்சடித்தது அத்தனையும் வீண். உள்பக்கம் வெள்ளி நிறப் பூச்சுள்ள சாதா நிற்கும் பவுச் 200 வாங்கி, மேலே ஸ்டிக்கர் ஒட்டுங்கள். உள்ளே தெரியட்டும் என்று ஒற்றை அடுக்கு பாலித்தீன் கவர் வாங்கினால் வாசனை வெளியே போகும், வெளிச்சமும் காற்றும் உள்ளே வரும். ஸ்டிக்கரை லேசர் பிரிண்டில் எடுங்கள். இங்க்ஜெட் பிரிண்டில் எடுத்தது ஈரக் கை பட்டால் கலங்கும். தேதிக்கும் பேட்ச் எண்ணுக்கும் இடம் விட்டு, அழியாத மையில் முத்திரை குத்துங்கள்.

சீல் வைக்க எட்டு அங்குலக் கை சீலர் போதும், 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும். சீல் விடும் காரணம் பெரும்பாலும் மெஷின் இல்லை, வாய்ப்பகுதியில் ஒட்டிய தூள். தடித்த காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கி அதன் வழியே பொடியைக் கொட்டி, வாயை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு சீல் வையுங்கள். பத்துக்கு ஒன்றைத் தண்ணீரில் அமிழ்த்தி அழுத்திப் பாருங்கள், குமிழி வந்தால் அந்தப் பத்தையும் மறுபடி சீல் செய்யுங்கள்.

அடுத்தது காகித வேலை. உணவு விற்க முதல் பாக்கெட்டுக்கு முன்பே வேண்டியது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு. சிறு தயாரிப்பாளருக்கு அடிப்படைப் பதிவு போதும், ஆண்டுக்கு 100 ரூபாய். அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) தளத்தில் நீங்களே செய்யலாம். புகைப்படம், அடையாள அட்டை, முகவரிச் சான்று வேண்டும். குறு, சிறு தொழில்களுக்கான உதயம் பதிவு முற்றிலும் இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் அரை மணி நேர வேலை. அரசுத் தளம் போலவே தோற்றம் வைத்துக் காசு கேட்கும் தளங்கள் தேடலில் மேலே வரும். முகவரி கவ்.இன் (gov.in) என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட் போட்டு விற்பவர் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, தொடங்கிய 90 நாளுக்குள் பதிய வேண்டும், கட்டணம் 500. தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு பார்க்கிறது. விற்பனைக்கு எடை போடும் தராசு முத்திரையிட்டதாக இருக்க வேண்டும், சமையலறைத் தராசு செல்லாது. 3,000 ரூபாய் ஒதுக்குங்கள்.

லேபிளில் எம்ஆர்பி, நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், பேட்ச் எண், பெயர் முகவரி, புகாருக்குத் தொலைபேசி, பச்சைப் புள்ளிச் சைவக் குறி, எஃப்எஸ்எஸ்ஏஐ சின்னமும் 14 இலக்க எண்ணும், ஊட்டச்சத்து அட்டவணை, எடையில் அதிகமானது முதலில் வரும்படி சேர்மானப் பட்டியல் எல்லாம் வேண்டும். ஒரு கிராம் விலையும் போட வேண்டும்: 200 கிராம் 140 ரூபாய் என்றால் கிராமுக்கு 70 காசு. பலர் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், இருந்தால் உங்கள் லேபிளிலும் கோதுமை ஒவ்வாமைக் குறிப்பு வர வேண்டும். இட்லிப் பொடியில் கோதுமை இருக்காது என்று நம்பி வாங்குபவர் உண்மையாகவே பாதிக்கப்படலாம். ஆர்கானிக் என்று சான்றிதழ் இல்லாமலும், சர்க்கரை நோய்க்கு நல்லது என்று எப்போதும் போடாதீர்கள்.

ஜிஎஸ்டியில் ஒரு பொறி. பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்பது சரிதான். ஆனால் அது மாநிலத்துக்குள் விற்றால் மட்டும். பெங்களூரிலிருக்கும் சித்திக்குக் காசு வாங்கிக்கொண்டு ஒரே ஒரு பாக்கெட் அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை, முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். பதிவு எடுத்துவிட்டால் விற்பனை இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், விட்டால் நாள் கணக்கில் அபராதம் ஏறும். ஆகவே முதல் மூன்று மாதம் தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்று கறாராக வையுங்கள். வெளிமாநில ஆர்டர்களை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள், அந்தப் பட்டியல் நீண்டால் பதிவு எடுக்கலாம். அமேசான் மாதிரித் தளங்களில் மாநிலத்துக்குள் மட்டும் விற்பவர்கள் 2023 அக்டோபர் 1 முதல் ஜிஎஸ்டி பதிவுக்குப் பதில் ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு விற்கலாம். ஆனாலும் தளத்தின் கமிஷனை அந்த 71 ரூபாயில் கழித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டிரேட்மார்க்குக்குத் தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மசாலாப் பொடிகள் 30ஆம் வகுப்பு. பணத்தைப் பிறகு கட்டலாம், தேடலை மட்டும் லேபிள் அடிக்கும் முன்பே செய்யுங்கள், அது இலவசம். அம்மா, பாட்டி, வீட்டுச் சுவை மாதிரிப் பெயர்கள் ஏற்கெனவே நிறையப் பேரிடம் இருக்கும். பொருளை அப்படியே வர்ணிக்கும் பெயருக்குப் பதிவும் கிடைப்பது கடினம்.

இதுவரை என்ன செலவு? எஃப்எஸ்எஸ்ஏஐ 100, பொட்டலப் பதிவு 500, சீலர் 1,500, தராசு 3,000, பவுச் 1,200, லேபிள் 600, மூன்று பேட்ச் சரக்கு 2,250, கூரியர் கவர் 500. மொத்தம் 9,650. மீதி 15,350 ரூபாயைத் தொடாதீர்கள்.

இப்போது 66 பாக்கெட் இருக்கிறது. யாருக்கு விற்பது? சொந்தக்காரர்களுக்கு வேண்டாம். அவர்கள் வாங்குவார்கள், பாராட்டுவார்கள், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. இந்தக் கட்டத்தில் சாம்பிள் இலவசமாகவும் கொடுக்காதீர்கள். உங்களைத் தெரியாத, அல்லது முகம் மட்டும் தெரிந்த 30 பேர் 140 கொடுத்து வாங்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழு, தெரு முனை மாவுக் கடை, அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் அக்கா, ஊரை விட்டு வந்து வீடு எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள். மாவுக் கடைதான் இதில் சிறந்த இடம். மாவு வாங்குபவருக்கு அன்று இரவே பொடி வேண்டும்.

யார், எந்தத் தேதியில், எந்த பேட்ச் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். 200 கிராம் ஒரு குடும்பத்துக்கு மூன்று நான்கு வாரம் வரும். ஐந்து வாரம் காத்திருங்கள். நீங்கள் கேட்காமல் தானாக எத்தனை பேர் மறுபடி கேட்டார்கள்? முப்பதில் பத்துப் பேர் என்றால் தைரியமாக அடுத்த பணத்தை இறக்கலாம். மூன்று பேர்தான் என்றால் விளம்பரம் செய்து பயனில்லை, பொடியையோ விலையையோ மாற்ற வேண்டும். வராதவர்களுக்கு ஃபோன் செய்யுங்கள். "எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டால் நல்லா இருந்தது என்றுதான் சொல்வார்கள். "பாக்கெட் தீர்ந்துடுச்சாங்க, இன்னும் இருக்கா?" என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் ஏன் தீரவில்லை என்று அவர்களே சொல்வார்கள்: காரம் அதிகம், குழந்தை சாப்பிடவில்லை, எண்ணெய் அதிகம் இழுக்கிறது. இந்தப் பதில்களை வைத்து அடுத்த பேட்சில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

விற்பனைக்கு வெப்சைட் வேண்டாம். இரண்டாவது சிம்மில் வாட்ஸ்அப் பிசினஸ், அதில் கேட்லாக், யுபிஐ கியூஆர், இவ்வளவுதான். பிராட்காஸ்ட் அனுப்பும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: உங்கள் எண்ணைத் தங்கள் ஃபோனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். பாக்கெட்டோடு வைக்கும் சீட்டில் எண்ணைச் சேமிக்கச் சொல்லி எழுதுங்கள்.

கூரியர் கட்டணம் 500 கிராம் படிகளில் ஏறுகிறது. இரண்டு பாக்கெட் 400 கிராம், பவுச் எடை 20, கவரும் குமிழி உறையும் 30, ஆக 450. ஒரு படிக்குள் அடங்கும். மூன்று பாக்கெட் என்றால் அடுத்த படிக்குப் போய், சுமார் மூன்றில் ஒரு பங்கு எடைக்கு வீணாகக் கட்ட வேண்டும். எனவே இரண்டு அல்லது நான்கு என்றே செட் போடுங்கள். அட்டைப் பெட்டியும் வேண்டாம். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எடை, நிஜ எடையை விட அதிகமாக இருந்தால் பல கூரியர்கள் அதற்குத்தான் பணம் வாங்குவார்கள். 25, 15, 10 அளவுள்ள பெட்டி 750 கிராமாகிவிடும், உள்ளே இருப்பது 450 ஆனாலும்.

கடைகளுக்குக் கொடுக்கும்போது கைமுதல் அங்கே சிக்கும். பத்துக் கடைக்குப் பன்னிரண்டு பாக்கெட் வீதம் கடனாகக் கொடுத்தால் 120 பாக்கெட், அடக்கத்தில் மட்டும் 8,280 ரூபாய் வெளியே நிற்கும். மூன்று கடை, கடைக்கு ஆறு பாக்கெட், அடுத்த முறை சரக்கு வைக்கும்போது பழைய கணக்குத் தீர வேண்டும் என்று தொடங்குங்கள். தேதி முடியப் போகும் பாக்கெட்டை யார் தலையில் கட்டுவது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். பில்லில் உதயம் எண்ணைப் போடுங்கள். உற்பத்தி செய்யும் குறுந்தொழிலுக்கு 45 நாளைத் தாண்டி யாரும் பணத்தை நிறுத்தி வைக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பெரிய கடைகளின் கணக்குப் பிரிவுக்கு அது தெரியும்.

கம்பெனி பதிவு இந்தக் கட்டத்தில் தேவையே இல்லை. தனி உரிமையாளராக உங்கள் பானிலேயே தொழில் நடத்தலாம். பிரைவேட் லிமிடெட் ஆரம்பிக்க ஆகும் செலவை விட வருடா வருடம் ஆகும் செலவுதான் பாரம். விற்பனை பூஜ்யமானாலும் தணிக்கையாளர் வேண்டும், ஆண்டுப் படிவங்கள் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய். வெளியாள் முதலீடு செய்ய வருகிறார், அல்லது ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் வேண்டும் என்றால் மாறிக்கொள்ளலாம். இரண்டு பேர் சேர்ந்து செய்வதாக இருந்தால், யார் எவ்வளவு போட்டார்கள், யாருக்கு எத்தனை மணி நேர வேலை, ஒருவர் விலகினால் பெயரும் செய்முறையும் யாருக்கு என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

கடன், மானியம் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமான பிஎம்இஜிபியில் பிரிவையும் ஊரையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் மானியம் உண்டு. ஆனால் அது புதிய யூனிட்டுக்கு மட்டும், ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்குக் கிடையாது. அந்த வழியில் போகும் எண்ணம் இருந்தால் உதயம் பதிவுக்கு முன்பே மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மானியப் பணம் கைக்கும் வராது. மூன்று ஆண்டு வங்கியில் வைப்புத் தொகையாக இருந்து பிறகுதான் கடனில் கழியும். அதுவரை முழுக் கடனுக்கான தவணையைக் கட்டும் அளவுக்கு விற்பனை இருக்க வேண்டும். வாரத்துக்கு நான்கு பேட்ச் போட்டும் ஆர்டர் மிஞ்சுகிறது என்ற நிலையில் வறுக்கும் மெஷினுக்கும் அரைக்கும் மெஷினான பல்வரைசருக்கும் கொட்டேஷன் வாங்குங்கள். அதற்கு முன் மெஷின் வாங்கினால், தவணை கட்டுவதற்காகவே கடைகளுக்குக் கடனில் சரக்குத் தள்ள ஆரம்பிப்பீர்கள்.